வழிகாட்டுகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் கொன்னூர் நெடுஞ்சாலையில் நடந்துபோனால் மின்கம்பம், ஷேர் ஆட்டோவின் முதுகு, டீக்கடைச் சுவர் என்று எங்கே பார்த்தாலும் ஒரே வாசகம்தான்: இலவச உயர்கல்வி ஆலோசனை. கீழே ஒரு கைப்பேசி எண். ஆலோசனை சொல்லப் போகிறவர் யார், என்ன படித்தவர், இதற்கு முன் யாருக்கெல்லாம் சொன்னார், சொன்னது பலித்ததா என்று ஒரு விவரமும் இருக்காது. இலவசம் என்றால் அந்த அலுவலகத்தின் வாடகையும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளமும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பாரும் கிடையாது. தெருவோரத்தில் இட்லி விற்பவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பதினேழு வயதுப் பிள்ளையின் அடுத்த நாற்பது வருடத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும்.

சென்னையில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் சொல்லித்தருகிறேன். கல்லூரியின் வேலைவாய்ப்பு, வழிகாட்டல் பிரிவும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெளியில் நின்று பார்க்கும் விஷயமில்லை. மாணவர்களுக்குப் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லும் சேவைகளுக்குத் தனியாக ஒரு தரச்சான்று இருக்க வேண்டுமா? இருந்தால் அது எதை அளக்க வேண்டும்? கொஞ்ச காலமாகவே மனதைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது. குடைய ஆரம்பித்தது எங்கள் தெருவில் நடந்த ஒரு விஷயத்தால்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் இருநூறுக்கு நூற்றைம்பதை ஒட்டி வந்திருந்தது. முடிவு வந்த அதே வாரம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஏதோ ஒரு கன்சல்டன்சி நடத்திய வழிகாட்டி முகாமுக்கு அப்பாவும் மகளும் போயிருக்கிறார்கள். போன இடத்திலேயே பத்தாயிரம் ரூபாய் கட்டி ‘சீட் புக்’ செய்துவிட்டார்கள். மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் அசலாகவே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். மறுநாள் காலை துணி கொடுக்கப் போனபோது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். “பாப்பாவுக்கு சீட் கெடச்சிருச்சு மேடம். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.”

அந்த ரசீது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிர் பச்சைத் தாள். மேலே கன்சல்டன்சியின் பெயர், கீழே ‘பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப். பாடப்பிரிவு என்ற இடத்தில் பால்பாயின்ட் பேனாவில் ‘ஏஐ டிஎஸ்’, அதாவது செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். கல்லூரியின் பெயர் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. பின்பக்கம் வருடக் கட்டணம் மட்டும் பென்சிலால் எழுதி, அடித்து, வேறொரு தொகை எழுதியிருந்தது. அந்த மனிதர் ஒரு வருடம் முழுக்கப் பெட்டி தேய்த்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை அது.

இதில் என் வயிற்றைக் கலக்கியது தொகை மட்டுமில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேர்த்தி. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசின் செலவு. அது கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் சேர்ந்தாலும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இரண்டுமே அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் கை நழுவிவிடும். ‘சீட் கெடச்சிருச்சு’ என்று அவர் சந்தோஷப்பட்ட அந்த நிமிடத்தில், அவர் மகளுக்குச் சட்டப்படி சேர வேண்டியதை யாரோ பேசிப் பேசியே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டிருந்தார்கள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி தாண்டவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அப்பா, மகள், நான் மூவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அவளிடம் பேசியிருந்த இளைஞர் இருந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். அவரும் பொறியியல் படித்தவர்தான். 7.5 பற்றி இவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “கவுன்சலிங்ல என்ன கிடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது மேடம். இது கன்ஃபார்ம் சீட்” என்றார். நான் குரலை உயர்த்தவில்லை, விடவும் இல்லை. ஒரு வழியாக அசல் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. முன்பணம் வரவில்லை. படியிறங்கும்போது அந்த இளைஞரும் கூடவே வந்தார். வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னார்: “நான் சேர்த்து விடற ஒவ்வொரு அட்மிஷனுக்கும்தான் மேடம் எனக்குக் காசு. கவுன்சலிங்ல போங்கன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் வராது. நானும் வாடகை கட்டணும் இல்ல.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பி வரும் வழியில் பேருந்தில் அந்தப் பெண் சொன்னதுதான் என்னைப் புரட்டிப் போட்டது. “அந்த அண்ணா நல்லாத்தான் பேசினார் மேடம். எனக்கு என்ன புடிக்கும், வீட்ல யார் யார் இருக்காங்க, கணக்கு வருமா, தூரமா போய்ப் படிக்க முடியுமான்னு முக்கால் மணி நேரம் கேட்டார். இதுவரைக்கும் என்னை யாரும் அப்படி உக்கார வெச்சுக் கேட்டதில்ல.”

அவள் அப்புறம் கலந்தாய்வில் கலந்துகொண்டாள், 7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது, கட்டணமில்லாமல் படிக்கிறாள். நல்ல முடிவுதான். ஆனால் அவள் சொன்ன அந்த ‘முக்கால் மணி நேரம்’ என்னை விடவில்லை. பன்னிரண்டு வருடப் பள்ளி வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ஒரே முழுமையான உரையாடல், அவளை விற்கக் கூடியவரிடமிருந்து வந்திருக்கிறது. உட்கார்ந்து கேட்கும் திறமை அந்த இளைஞரிடம் இருந்தது. அந்தத் திறமைக்குக் காசு கொடுத்தது யார் என்பதில்தான் எல்லாமே தப்பாகப் போனது.

கோப்பில் இருக்கும் வழிகாட்டல்

கல்லூரிகளுக்குத் தரச்சான்று புதிதில்லை. 1994-இல் தொடங்கி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நாக் (NAAC) என்ற தேசிய தரமதிப்பீட்டு அமைப்பை அறியாத கல்லூரி ஆசிரியர் இருக்க முடியாது. அதன் ஏழு அளவுகோல்களில் ஐந்தாவது, மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். அதற்குள் போட்டித் தேர்வுப் பயிற்சி, தொழில் வழிகாட்டல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓர் உட்கூறு. கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை சதவீத மாணவர்கள் பயன்பெற்றார்கள் என்பதுதான் அதில் கேட்கப்படுவது. அந்தச் சதவீதத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றால் சுற்றறிக்கை, வருகைப் பதிவு, ஜியோ டேக் போட்ட புகைப்படம்.

இப்படிக் கேட்டால் ஒரு கல்லூரி எப்படி நடந்துகொள்ளும்? வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து கருத்தரங்கக் கூடத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேச வைக்கும். பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் புகைப்படம். இருநூறு பேர் ‘பயன்பெற்றவர்கள்’ கணக்கில் ஏறிவிடுவார்கள். இதையே ஓர் ஆசிரியை வாரம் நான்கு மாணவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினால், வருடம் முழுக்கப் பேசினாலும் நூற்று இருபது, நூற்று முப்பது பேரைத்தான் தொட முடியும். கோப்பில் அது ஒல்லியாகத் தெரியும். தலைகளை எண்ணும் அளவுகோல் இருக்கிற வரைக்கும் கூட்டம்தான் நடக்கும், உரையாடல் நடக்காது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பதைத்தானே கொடுப்பார்கள்.

அந்த அளவுகோல் கேட்காத இன்னொன்றும் உண்டு. கல்லூரியின் லாபமும் மாணவரின் லாபமும் மோதும்போது ஆலோசகர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது. மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவன் ஒருவன் குரூப் டூ தேர்வுக்குப் படிக்க ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வளாக நேர்காணலில் அவனுக்கு ஓர் இரவுப் பணி பிபிஓ வேலை கிடைத்திருக்கிறது. அவன் அதில் சேர்ந்தால் கல்லூரியின் பிளேஸ்மென்ட் எண்ணிக்கை ஒன்று கூடும். தரவரிசைப் பட்டியலுக்கும் அது உதவும். அவன் வீட்டிலிருந்து படித்தால் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். அவனுக்கு ஆலோசனை சொல்ல வேண்டியவரும் பிளேஸ்மென்ட் எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள். இன்னொரு மாணவிக்கு எம்.காம். படிக்க ஆசை. சென்னைப் பல்கலைக்கழகத் துறையில் கட்டணம் குறைவு, நல்ல நூலகமும் உண்டு. ஆனால் நம் கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவில் எம்.காம். இடம் நிரம்பாமல் கிடக்கிறது. அவளுக்கு எதை முதலில் சொல்வார்கள்?

அந்த மாடி அலுவலகத்து இளைஞருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது யோசித்தேன். ரொக்கமாகக் கமிஷன் வாங்குகிறோமா இல்லையா என்பதில் வித்தியாசம் இருக்கிறது, நிச்சயமாக. ஆனால் ஆலோசனையின் மறுமுனையில் சொல்பவரின் நிறுவனத்துக்கு ஆதாயம் காத்திருக்கிறது என்பதில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி

என் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேலைவழிகாட்டல் பிரிவில் வேலை பார்க்கிறாள். பேசுகையில் இதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். அவர்கள் பிரிவு அப்போதுதான் மேட்ரிக்ஸ் தரச்சான்றுக்கான மறுமதிப்பீட்டை முடித்திருந்தது. தகவல், ஆலோசனை, வழிகாட்டல் ஆகிய சேவைகளுக்கென்றே இங்கிலாந்துக் கல்வித் துறை வைத்திருக்கும் தரச்சான்று அது. மொத்தக் கல்லூரிக்குமான மதிப்பெண் கிடையாது, வழிகாட்டும் சேவையை மட்டும் பார்ப்பது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழு மதிப்பீடு, நடுவில் ஒவ்வொரு வருடமும் ஒரு சரிபார்ப்பு. தலைமையும் நிர்வாகமும், வளங்கள், சேவை நடக்கும் விதம், தொடர் மேம்பாடு என்று நான்கு பகுதிகள். அரசுப் பணத்தில் நடக்கும் தேசிய வழிகாட்டல் சேவையை நடத்தும் ஒப்பந்ததாரர்களுக்கு இந்தச் சான்று கட்டாயம்.

நான் முதலில் கேட்டது, கோப்பு எத்தனை என்றுதான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கோப்பு இருக்கு மேடம், ஆனா அதைப் பத்தி யாரும் பயப்படல. மதிப்பீட்டாளர் மாணவர்கள்கிட்ட பேசினதைப் பத்திதான் எல்லாருக்கும் பயம்” என்றாள். சேவையைப் பயன்படுத்திய மாணவர்களிடம் மதிப்பீட்டாளர் பேசியிருக்கிறார். அந்த அறையில் ஊழியர்கள் யாரும் இல்லை. அவர் கேட்ட கேள்விகளை மாணவர்கள் வெளியே வந்து இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எதற்கு வந்தீர்கள்? என்ன சொன்னார்கள்? அதைக் கேட்டு என்ன செய்தீர்கள்? வேறு வழிகளும் இருக்கின்றன என்று சொன்னார்களா? அப்புறம் இவளிடமே ஒரு கேள்வி: சென்ற வருடம் மாணவர்கள் சொன்ன குறைகளில் எதை மாற்றினீர்கள், மாற்றியதால் என்ன ஆனது? எத்தனை கூட்டம் நடத்தினீர்கள் என்று தொடங்கவே இல்லை என்றாள்.

எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. தரச்சான்று என்றாலே கோப்பு, கோப்பு என்றாலே நடிப்பு என்ற சலிப்பு எங்களைப் போன்றவர்களுக்கு ஊறிப்போன ஒன்று. யாரைக் கேட்கிறார்கள் என்பது மாறினால் எல்லாமே மாறும் என்பது அந்தத் தொலைபேசியில்தான் உறைத்தது. ஆலோசனை வாங்கியவரைத் தனியாகக் கேட்டால், பொன்னாடை போர்த்திய புகைப்படத்துக்கு அந்த அறையில் வேலையில்லை.

அன்றைக்கு அப்புறம் இங்கிலாந்துப் பள்ளிகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். 2014-இல் கேட்ஸ்பி அறக்கட்டளைக்காக சர் ஜான் ஹோல்மன் எட்டு அளவுகோல்களை வகுத்தார். அவற்றில் இரண்டை நான் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மாணவருக்கும் பதினாறு வயதுக்குள் ஒருமுறையும் பதினெட்டு வயதுக்குள் இன்னொரு முறையும் ஓர் ஆலோசகருடன் தனி நேர்காணல். அந்த ஆலோசகர் தக்க பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இன்னொன்று, பள்ளியை விட்டுப் போன பிறகும் குறைந்தது மூன்று வருடத்துக்கு மாணவர் எங்கே படிக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று பள்ளி பதிவு வைத்திருக்க வேண்டும். ஆலோசனை சரிதானா என்பது அன்றைக்கே தெரியாது. சொன்னது நின்றதா, கவிழ்ந்ததா என்று மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்களுக்கும் நம்முடைய நோய் இருக்கிறது என்பதுதான். அங்கே பதினாறு வயதுக்கு மேல் படிக்கும் வகுப்புகளைச் சொந்தமாக நடத்தும் பள்ளிகளுக்குத் தலைக்கு இத்தனை என்று அரசுப் பணம் வருகிறது. அதனால் வெளியே தொழிற்கல்வி படிக்கப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லப் பள்ளிக்கு மனம் வராது. இதை நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் சட்டத்தில் கை வைத்தார்கள். 2012 செப்டம்பரிலிருந்து வழிகாட்டல் சுதந்திரமாகவும் பாரபட்சமில்லாமலும் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துப் பள்ளிகளின் சட்டக் கடமை. 2018 ஜனவரியிலிருந்து தொழிற்கல்வி நிறுவனங்கள் பள்ளிக்குள்ளேயே வந்து மாணவர்களிடம் பேச வழிவிட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எல்லாப் பள்ளியும் ஒழுங்காகச் செய்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் ஆதாயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சட்டம் கை வைக்காத இடம்

நம் ஊரில் சட்டமே இல்லையா என்றால், சுற்றிச் சுற்றி எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அதே அலுவலகம் மாணவரை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்பினால் அந்தப் பதிவு தேவையில்லை. கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் சொல்லிவிட்டது. கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டவர் கல்லூரி இல்லையே. பயிற்சி மையங்கள் பொய் விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகள் கொண்டுவந்தது. நல்ல நெறிமுறைகள்தான். ஆனால் ‘பயிற்சி’ என்பதன் கீழ் எதெல்லாம் வரும் என்று சொல்லும் இடத்தில், விளையாட்டு, நடனம், நாடகத்தோடு சேர்த்துக் கவுன்சலிங்கையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது இஸ்திரிக்காரரின் பச்சை ரசீதுதான் நினைவுக்கு வந்தது.

தமிழக அரசு இந்தத் திசையில் செய்திருப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2022 மார்ச் 1-இல் நான் முதல்வன் திட்டம் வந்தது. அந்த ஜூனில் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் ஆரம்பித்தன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை மாவட்டம்தோறும் கூட்டி, என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், என்ன உதவித்தொகை இருக்கிறது என்று சொல்கிறார்கள். 14417 என்ற எண்ணுக்கு அடித்தால் ஆள் பேசுகிறார். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பெயர்ப்பலகையில் ‘தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்றும் சேர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஏதோ ஓர் ஆசிரியர் தன் பாடவேளைகளுக்கு மேல் இந்த வழிகாட்டல் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார். அவர்களில் சிலரை எனக்குத் தெரியும். மே மாத விடுமுறையில் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மாணவர் வீடுகளுக்குப் போகிறவர்கள். சென்னையில் இன்றைக்குக் காசு வாங்காமல், எந்தக் கல்லூரிக்கும் கடன்படாமல் ஆலோசனை சொல்கிறவர் யார் என்றால் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஆனால் இவர்களுக்கு நேரம் கிடையாது, தனியறை கிடையாது, இதற்கென்று நீண்ட பயிற்சியும் கிடையாது. அந்தப் பெண்ணின் பள்ளியிலும் அப்படி ஓர் ஆசிரியை இருந்தார், 7.5 பற்றி வகுப்பில் அறிவித்தும் இருந்தார். அறிவிப்பு காதில் விழுந்தது, தனக்கானது என்று அவளுக்குப் படவில்லை. ‘உன் கட்-ஆஃபுக்கு இது உனக்குக் கிடைக்கும், சாய்ஸ் ஃபில்லிங்கில் இப்படி வரிசைப்படுத்து’ என்று எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் கல்யாண மண்டபம் வாசலைத் திறந்து வைத்திருந்தது. சாய்ஸ் வரிசை, அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு முதலில் வேண்டும் என்று கலந்தாய்வில் அடுக்கிக் கொடுக்கும் பட்டியல், சாதாரண விஷயமில்லை. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம் என்பதால் பிள்ளைகள் குழம்பிப்போய் நாலைந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் இடம் கிடைக்காமல் போகிறது. அதைப் பார்த்து அடுத்த வருடத்துப் பிள்ளைகள் ‘கவுன்சலிங் நம்ப முடியாது’ என்று மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஓடுகிறார்கள்.

இன்னொரு சான்றா?

என் சக பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். இருக்கிற சான்றுகள் போதாதா என்றார். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களை லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்ததை நினைவுபடுத்தினார். சான்று வந்தால் அதை வாங்கித் தரவும் ஒரு கன்சல்டன்சி வரும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெரிய கன்சல்டன்சிகள் நாலு பேரை வேலைக்கு வைத்துக் கோப்பு தயார் செய்து சான்றை வாங்கி வாசலில் மாட்டிவிடுவார்கள். வியாசர்பாடியில் ஒரு நூலக அறையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வழி சொல்லும் இளைஞர்களால் அது முடியாது. சான்று இல்லாதவர்கள் போலி என்று ஆகிவிட்டால், காசு வாங்காதவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள்.

இதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். சான்று கேட்க வேண்டியது கட்டடத்தையும் கணினியையும் அல்ல. முதல் கேள்வியே, உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று இருக்க வேண்டும். மாணவர் சேரும் கல்லூரியிடம் காசு வாங்குகிறவர் தன்னை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது; சேர்க்கை முகவர் என்று பலகையிலும் ரசீதிலும் தமிழில் போட வேண்டும். முகவராக இருப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம். இந்தக் கேள்விக்கு வியாசர்பாடி இளைஞர்கள் ஒரு வரியில் பதில் எழுதிவிடுவார்கள். பெரிய அலுவலகங்களுக்குத்தான் எழுதக் கை நடுங்கும். கல்லூரிகளுக்கும் இதே கேள்விதான். ஆலோசனை சொல்பவர் சேர்க்கைக்கோ பிளேஸ்மென்ட் எண்ணிக்கைக்கோ பொறுப்பாளராக இருக்கிறாரா? இருந்தால் அதுவே ஒரு குறை என்று எழுத வேண்டும்.

அடுத்து, மதிப்பிட வருகிறவர் நிறுவனம் பொறுக்கிக் கொடுத்த மாணவர்களிடம் பேசக் கூடாது. சேவையைப் பயன்படுத்தியவர்களின் முழுப் பட்டியலிலிருந்து தானே எடுத்து, தொலைபேசியிலோ நேரிலோ, ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும். அவர்களில் பாதிப் பேர் இரண்டு, மூன்று வருடத்துக்கு முன் ஆலோசனை பெற்றவர்களாக இருக்க வேண்டும். பாதியில் படிப்பை விட்டவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆலோசனையின் தரம் அவர்களிடம்தான் நன்றாகத் தெரியும். ஆலோசகருக்கான பயிற்சியை நான் கடைசியில்தான் வைப்பேன். வேண்டாத விஷயம் என்பதால் அல்ல. என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டல், ஆலோசனைப் பட்டயப் படிப்பு போன்றவை ஏற்கெனவே இருக்கின்றன, ஆசிரியர்களை அனுப்பச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால் போதும். பணம் வரும் வழியைச் சரிசெய்யாமல் பயிற்சியை மட்டும் கூட்டினால், இன்னும் திறமையாகப் பேசும் முகவர்களைத்தான் உண்டாக்குவோம்.

பாரபட்சமில்லாத ஆலோசனைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி இங்கே வந்து நிற்கும். அரசுதான் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 7.5 ஒதுக்கீட்டில் ஒரு பிள்ளைக்கு நான்கு வருடக் கட்டணத்தை ஏற்கிற அரசு, அந்தப் பிள்ளை அந்த ஒதுக்கீட்டுக்குள் வந்து சேர்வதற்கான முக்கால் மணி நேரத்தையும் ஏற்கலாம். அந்த மாடி அலுவலகத்து இளைஞரைப் போன்றவர்களை மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துக்குச் சம்பளம் கொடுத்து மாநகராட்சிப் பள்ளிகளில் உட்கார வைக்கலாம். கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கமிஷன் இல்லாத நாற்காலி ஒன்று கிடைத்தால் என்ன சொல்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

எங்கள் கல்லூரியின் உள்தர உறுதிப்பிரிவுக் கூட்டத்தில் நான் மூன்று விஷயங்களை வைத்தேன். முதுகலைச் சேர்க்கையைப் பார்க்கிறவர் மாணவர் ஆலோசனையைப் பார்க்கக் கூடாது. பிளேஸ்மென்ட் பொறுப்பும் வழிகாட்டல் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, அதாவது என்னிடமிருந்து ஒன்றை எடுத்துவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் வெளியேறியவர்களைக் கூப்பிட்டு, இங்கே கேட்ட ஆலோசனை எதற்காவது உதவியதா என்று கேட்க வேண்டும். கூப்பிடுவது எங்கள் பிரிவைச் சேராதவராக இருக்க வேண்டும். முதலாவதை முதல்வர் அங்கேயே ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு ஆள் பற்றாக்குறை என்று அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். மூன்றாவதை ஆங்கிலத் துறையில் ஒருவர் ஏற்றுக்கொண்டு, பழைய மாணவர்களின் எண்களைத் திரட்ட ஆரம்பித்துவிட்டார். பாதி எண்கள் மாறிவிட்டன என்கிறார். மாறாத எண்களிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.